நெடுநாள் வாழ்ந்த அம்மாவின் வாழ்க்கையை எழுதிவைக்க: டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ் வீட்டில் சாவு விழுந்தால் நேரம் கிடைக்காது. இன்று உயிர் போனால் பெரும்பாலும் நாளைக்கே கிளேர் எஸ்டேட்டிலோ மொபெனி ஹைட்ஸிலோ தகனம் முடிந்துவிடும். கூடாரம் போட ஆள் வர வேண்டும், பூவுக்குச் சொல்ல வேண்டும், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்களை அழைத்துவர வேண்டும். இந்தப் பரபரப்பில் யாரோ ஒரு பேரனையோ பேத்தியையோ பிடித்து, "நீதான் நல்லா எழுதுவே, ஆயாவைப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதிக் கொடு" என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

அப்படி உட்கார வைக்கப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆயா இன்னும் உயிரோடு இருக்கிறார், இப்போதே தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் உடனே தொடங்குங்கள். கேள்விக்குப் பதில் சொல்ல அவரே இருக்கும்போது வேலை பாதியாகக் குறையும்.

எழுத ஆரம்பிக்கும் முன் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். அன்பானவர், பொறுமைசாலி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்றெல்லாம் எழுதினால் எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் பெயரை மாற்றினால் அதே குறிப்பு அடுத்த தெரு ஆயாவுக்கும் பொருந்தும். அவர் கையால் என்ன செய்தார், எந்த வீட்டில், எந்த வருடத்தில், யாருக்காக என்று எழுதுங்கள். அன்பு அதிலேயே தெரியும்.

முதல் நாள்: சின்னக் குறிப்பு

இறுதிச் சடங்கில் வாசிக்கும் குறிப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வெயிலில் நிற்கிறார்கள், தேவாரம் பாட ஆட்கள் காத்திருக்கிறார்கள், தகனக் கூடத்தில் நமக்குக் கொடுத்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் போதும்.

அந்த ஒரு பக்கத்தில் முதல் வரி அவருடைய பெயர். அவருக்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயரைச் சொல்கிறேன். நம் வீடுகளில் அறுபது எழுபது வருடம் "பெரியம்மா", "ஆயா", "ராஜுவோட அம்மா" என்றே கூப்பிட்டு, சொந்தப் பெயர் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமல் போயிருக்கும். அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும் பெயர் இன்னொன்று என்று இருந்தால் மூன்றையும் எழுதுங்கள். அப்புறம் அவருடைய அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர். டோங்காட், வெருலம், ஸ்டாங்கர், உம்சிண்டோ, எஸ்பரான்சா என்று ஊர் தெரிந்தால் எந்தத் தோட்டம், எந்த மில் என்பதுவரை கேளுங்கள். அப்பா பெயரையும் கணவர் பெயரையும் சொல்லிவிட்டு அம்மா பெயரை விட்டுவிடுகிற வழக்கம் நம்மிடம் நிறைய. அந்தத் தாயும் ஒருத்தியாகப் பிள்ளை பெற்று வளர்த்தவள்தான். அவள் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் பெயரை மூத்தவரிலிருந்து வரிசையாக எழுதுங்கள். தாய்க்கு முன்பே இறந்த பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். கைக்குழந்தையிலேயே போனதைக்கூட அவர் கடைசிவரை கணக்கில் வைத்திருந்திருப்பார். "எத்தனை பிள்ளைங்க ஆயா?" என்று கேட்டால் இருப்பவர்களை மட்டும் சொல்லும் தாய் அபூர்வம். மருமகள்கள், மருமகன்கள் பெயரும் வேண்டும். கடைசி வருடங்களில் அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டது பல வீடுகளில் மருமகள்தான். அவருக்குக் குறிப்பிலேயே நன்றி சொல்லிவிடுங்கள். சடங்கு முடிந்த பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தால் மறந்துவிடும்.

கடைசியாக, அவரை மட்டுமே குறிக்கும் ஒரு விஷயம். ஒன்றே ஒன்று போதும். புரட்டாசியில் வீட்டையே கழுவிவிட்டுத் தனிப் பாத்திரம் எடுத்து வைப்பது, பேருந்துக்குப் போகும் பிள்ளையை வாசலில் நின்று கண்ணுக்கு மறையும்வரை பார்ப்பது, ஊறுகாய் பாட்டிலில் வருடம் எழுதி ஒட்டுவது, இப்படி ஏதாவது. அதைச் சொல்லும்போது கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டினால் சரியான விஷயத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

எழுதியதை வாசிக்கும் முன் வயதான ஒருவரிடம் காட்டுங்கள். தங்கை இருந்தால் தங்கையிடம், நாத்தனார் இருந்தால் அவரிடம். பெயர் விடுபட்டால் வருத்தம் பத்து வருடம் நிற்கும்.

பதினாறாம் நாளுக்குள்: கேட்டு வாங்க வேண்டியவை

பெரிய வரலாறு எழுத உண்மையான நேரம் கருமாதி வரைக்கும் உள்ள அந்த இரண்டு வாரம். எல்லா உறவும் வந்து போகும், யாருக்கும் வேறு பேச்சு இருக்காது, மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கதை தானாக வரும். ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியில் ஒலிப்பதிவும் போதும். பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துப் பதிவு செய்வது தவறு. வெளிப்படையாக நடுவில் வைத்துவிட்டால், பத்து நிமிடத்தில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

"ஆயா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்காதீர்கள். "ரொம்ப நல்லவங்க" என்பதற்கு மேல் பதில் வராது. பொருளைப் பிடித்துக் கேளுங்கள். அந்த வீட்டில் எத்தனை அறை? யார் எங்கே படுத்தார்கள்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? துணி எங்கே துவைத்தார்கள்? விறகு அடுப்பா, நிலக்கரியா, மண்ணெண்ணெய் ஸ்டவ்வா? மின்சாரம் எந்த வருடம் வந்தது? மசாலாவை அம்மியில் அரைத்தாரா? சம்பளம் வர இரண்டு நாள் இருக்கும்போது என்ன சமைத்தார்? சோளமாவுக் கஞ்சியா, மதும்பிக் கிழங்கா, காட்டுக் கீரையா, சுகர் பீன்ஸா? யார் கடைசியாகச் சாப்பிட்டார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே ஒரு தாயின் பாதி வாழ்க்கை இருக்கும்.

ஒரு நாள் முழுவதையும் மணி வாரியாகக் கேட்பது நல்ல உத்தி. பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. எத்தனை மணிக்கு எழுந்தார், கணவர் வேலைக்குப் போகும்போது டப்பாவில் என்ன வைத்தார், பிள்ளைகள் பள்ளிக்கு எத்தனை மைல் நடந்தார்கள், மாமியாருக்கு என்ன செய்து கொடுத்தார், விளக்கு எப்போது ஏற்றினார், எப்போது படுத்தார். இப்படி ஒரு நாளை முழுதாக எழுதிவிட்டால், "உழைப்பாளி" என்ற சொல்லே தேவைப்படாது.

பெரியவர்கள் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமும் நடுவே கொஞ்சம் ஜூலுவும் கலந்து பேசுவார்கள். அதைத் திருத்தாதீர்கள். சொன்னபடியே எழுதுங்கள். செந்தமிழாக்கினால் அந்த ஆளே மறைந்துவிடுவார்.

யாரைக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். பிள்ளைகள் அம்மாவைத்தான் பார்த்திருப்பார்கள். அம்மா ஆவதற்கு முன் இருந்த பெண்ணைப் பார்த்தவர்கள் தங்கை, பள்ளித் தோழி, பிறந்த வீட்டுப் பக்கத்தார். அவர்களும் தொண்ணூறைத் தொட்டிருப்பார்கள், ஆகவே முதலில் அவர்களிடம் போங்கள். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்கள், சந்தையில் பக்கத்து மேசையில் கீரை விற்றவர்கள், ஒரே பேருந்தில் போனவர்கள் ஆகியோரை யாரும் கேட்பதே இல்லை. வீட்டில் சிரிக்காத ஆயா வேலையிடத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தவராக இருந்திருக்கலாம்.

"வீட்டில்தான் இருந்தார்" என்ற வரி

இந்த வரி வந்தால் நின்று யோசியுங்கள். அநேகமாக அது உண்மையாக இருக்காது. கரும்புத் தோட்டத்தில் களை எடுத்தவர், ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறித் தோட்டத்தில் கணவரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தவர், வார்விக்கில் அதிகாலைச் சந்தைக்குக் கூடை கொண்டுபோனவர், பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவர், வடையும் முறுக்கும் சுட்டுப் பள்ளி வாசலில் விற்கக் கொடுத்தவர், சீட்டுப் பிடித்து மகளின் கல்யாணச் செலவைச் சமாளித்தவர், இவர்கள் எல்லாரையும் பதிவேடு "வேலை இல்லை" என்று எழுதியிருக்கிறது. 1960-களுக்குப் பிறகு டர்பன் தையல் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் பெருங்கூட்டமாக வேலைக்குப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த வாரச் சம்பளத்தில்தான் எத்தனையோ வீட்டில் முதல் ஆசிரியரும் முதல் நர்ஸும் படித்து வந்தார்கள். அவர் எந்த இயந்திரத்தில் உட்கார்ந்தார், காலர் தைத்தாரா பட்டன் வைத்தாரா, வாரம் எவ்வளவு கொண்டுவந்தார், அந்த உறையைப் பிரிக்காமல் யார் கையில் கொடுத்தார் என்று கேளுங்கள்.

எங்கும் கூலிக்குப் போகாதவராக இருந்தாலும் சரி, எட்டுப் பிள்ளைக்குச் சமைத்தது, துவைத்தது, பிரசவம் பார்த்தது, படுத்த படுக்கையான மாமனாரைக் கவனித்தது எல்லாமே வேலைதான். என் கருத்தில் இந்தப் பகுதிதான் வரலாற்றின் நடுப்பகுதி. இதற்கு இரண்டு பக்கம் கொடுங்கள், பட்டங்களுக்கும் பாராட்டுகளுக்கும் இரண்டு வரி போதும்.

மாதிரிக்கு ஒன்று காட்டுகிறேன். "அம்மா தியாகத்தின் உருவமாக விளங்கினார்" என்று ஒருவர் எழுதிக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். அவரை உட்கார வைத்துப் பேசினால் இப்படி வரும்: "அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட். பகலில் அவர் தூங்க வேண்டும் என்பதால் அம்மா எங்கள் ஏழு பேரையும் மாமரத்தடிக்கு அழைத்துப் போய்விடுவார். அங்கேயே அரிசி புடைப்பார், அங்கேயே பாடம் கேட்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நாங்கள் தட்டுத்தடுமாறினால் மட்டும் தெரிந்துவிடும், திரும்பப் படி என்பார்." முதல் வரியைத் தூக்கிப் போடுங்கள், இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியாக

ஐம்பது அறுபது வருடத் தாம்பத்தியத்தை "இணைபிரியாத தம்பதி" என்று முடித்துவிட முடியாது. எப்படிக் கல்யாணம் முடிவானது, பெண் பார்க்க யார் வந்தார்கள், கல்யாணத்துக்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்தார்களா, என்ன வயது, பந்தல் எங்கே போட்டார்கள், என்ன சேலை. அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். "இங்க பாருங்க" என்று மட்டும் சொல்லிக் கடைசிவரை பெயர் சொல்லாத மனைவி உண்டு. அவர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள், யார் முதலில் பேசினார்கள்? கணவர் படுத்த பிறகு அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்? கணவர் போன பிறகு எத்தனை வருடம் இருந்தார், அந்த வருடங்களில் புதிதாக என்ன செய்தார்? இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விதவையான பின் இருபது வருடம் கோயில் யாத்திரை, தமிழ்நாட்டுப் பயணம், பேரப்பிள்ளைகளோடு கைப்பேசி கற்றுக்கொண்டது என்று ஒரு முழு வாழ்க்கை இருந்திருக்கும்.

குடி, அடி, இரண்டாம் தாரம், தத்துக் கொடுத்த பிள்ளை, சகோதரர்களுக்குள் வீட்டுத் தகராறு போன்றவையும் கேட்கும்போது வெளியே வரும். நான் சொல்லும் வழி இது: பொய் எழுத வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒருவரைப் புண்படுத்தும் விஷயமாக இருந்தால் முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அதை மறைக்க எதிர்மாறாகப் புகழ்ந்து எழுதாதீர்கள். அடித்த கணவரை "அன்புக் கணவர்" என்று அச்சடித்தால், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்தத் தாளையே ஒதுக்கிவிடுவார்கள்.

காகிதங்களைத் தேடுவது

பழைய பிஸ்கட் டின், அலமாரியின் மேல்தட்டு, சாமி மாடத்துக்குக் கீழே உள்ள டிராயர், இந்த மூன்று இடத்திலும் தேடுங்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய அடையாளப் புத்தகம், வாடகைப் புத்தகம், வீட்டுப் பத்திரம், சம்பளச் சீட்டு, கல்யாண அழைப்பிதழ் எதையும் எறியாதீர்கள். கோயில் ரசீதுகூட ஒரு தேதியைச் சொல்லும்.

பிறந்த தேதி தாள்களுக்குள்ளே ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம். வீட்டிலேயே பிறந்து, மாதக்கணக்கில் கழித்துப் பதிந்த குழந்தைகள் ஏராளம். இரண்டு தேதியையும் எழுதி, எது எந்தத் தாளில் இருக்கிறது என்று குறியுங்கள். உள்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது பெற்றோர் விவரம் உள்ள முழுச் சான்றிதழாகக் கேளுங்கள், சுருக்கச் சான்றிதழ் நமக்கு உதவாது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு நல்ல தாள் ஜே294 என்ற இறப்பு அறிவிப்புப் படிவம். சொத்து விட்டுப் போனவர்களுக்காக, இறந்த 14 நாளுக்குள் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டியது. அதில் பிறந்த இடம், திருமண விவரம், துணையின் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அம்மாவின் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இப்படி ஒரு கோப்பு இருந்தால், பழையதாக இருக்கும் பட்சத்தில் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

இன்னும் பின்னால் போக வேண்டுமானால் கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பன் துறையில் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று பதிந்து வைத்தார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்ற பெயர்கள் அதில் திரும்பத் திரும்ப வரும். குடும்பத்தில் யாரிடமாவது அந்த எண் இருந்தால் தேடல் எளிது. பழைய பிறப்பு, திருமணத் தாள்களின் ஓரத்தில் தாய் தந்தையின் எண் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. மூலப் பட்டியல்கள் எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். டர்பனில் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்திலும் விசாரிக்கலாம். சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கி வந்த வியாபாரிக் குடும்பமாக இருந்தால் இந்தப் பட்டியலில் பெயர் இருக்காது, ஆகவே அங்கே கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி முனியம்மா பத்து விதமாக எழுதப்பட்டிருப்பார். குடும்பப் பெயரும் அப்படித்தான். அப்பாவின் பெயரே பிள்ளையின் குடும்பப் பெயராகப் பதியப்பட்டதால், ஒரே தாத்தாவின் பேரன்கள் பெருமாள், முனுசாமி, மூட்லி என்று மூன்று குடும்பப் பெயரோடு இருப்பார்கள். பெண்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் முறைப்படி நடந்த கல்யாணங்கள் சட்டத்தில் செல்லாது என்று 1913-இல் கேப் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்க அது ஒரு பெரிய காரணம். ஜோஹன்னஸ்பர்க்கின் தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்தது அந்தப் போராட்டத்தில்தான். 1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஆனாலும் அப்புறமும் பல காலம் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவுக்குப் போகாத குடும்பங்கள் இருந்தன. அதனால் கல்யாணம் ஆகிப் பல வருடம் கழித்தும் அம்மாவின் பெயர் பிறந்த வீட்டுப் பெயராகவே தாளில் இருக்கலாம். கணவர் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் அவருடைய அப்பா பெயரில் தேடுங்கள்.

வயதையும் வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் அவர் வயது, வலது பக்கம் ஊரில் நடந்தது என்று எழுதுங்கள். 1930-இல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 1946-இல் இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய நிலச் சட்டத்தை எதிர்த்து அம்பிலோ சாலையில் சத்தியாக்கிரகம் நடந்தபோது அவருக்குப் பதினாறு. டாக்டர் கூனம் போன்ற பெண்கள் சிறைக்குப் போன செய்தி வீட்டில் எப்படிப் பேசப்பட்டது? டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த 1949 ஜனவரிக் கலவரத்தில் பத்தொன்பதை ஒட்டிய வயது, ஒருவேளை புதுப்பெண். அன்று இரவு எங்கே ஒளிந்திருந்தார்கள்? அடைக்கலம் கொடுத்த ஜூலு அண்டை வீட்டார் இருந்தார்களா? 1950-இல், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரித்த குழுப்பகுதிச் சட்டம். 1961-இல்தான் அரசாங்கம் நம்மை இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்று ஒப்புக்கொண்டது, அப்போது அவருக்கு முப்பத்தொன்று, இந்த மண்ணிலேயே பிறந்தவர். 1994 ஏப்ரல் 27-இல் முதல் முறையாக எல்லோரோடும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டபோது அறுபத்து நான்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தொண்ணூற்றிரண்டு.

இந்தப் பட்டியல் உங்களுக்காக, கேள்வி கேட்க. அவர் இல்லாத இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். 1946-இல் ஸ்டாங்கர் பக்கம் கரும்புக் காட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டு இருந்தார் என்றால் அதையே எழுதுங்கள்.

இதில் அதிக இடம் கொடுக்க வேண்டியது வீடு மாறிய கதை. மேகஸின் பேரக்ஸில் முனிசிபாலிட்டித் தொழிலாளர்களாக இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள், கேட்டோ மேனரில் சொந்தமாக மரமும் தகரமும் வைத்துக் கட்டிய வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரையும் 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், 1970-களில் ஃபீனிக்ஸுக்கு. உத்தரவு வந்தது ஆண்களின் பெயரில். ஆனால் பாத்திரத்தைக் கட்டியது, சாமி படத்தைத் துணியில் சுற்றியது, கறிவேப்பிலைக் கன்றை வேரோடு எடுத்தது, புது இடத்தில் கடை இல்லாமல் பேருந்து இல்லாமல் அடுப்பு மூட்டியது எல்லாம் பெண்கள். பழைய வீட்டில் பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள், மறுபடி பார்த்தார்களா என்று கேளுங்கள். எந்த மரத்தை விட்டுவிட்டு வந்தார் என்றும் கேளுங்கள். வயதான பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் தயங்காமல் வரும். முடிந்தால் அவர் வாழ்ந்த வீடுகளை எல்லாம் வரிசையாக முகவரியோடு எழுதி, ஒரு வரைபடத்தில் குறியுங்கள். கேட்டோ மேனரில் உம்கும்பான் கோயில் என்று நாம் சொல்லும் அம்பலவாணர் ஆலயம் போன்ற நிலையான இடம் ஒன்று இருந்தால், அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று வைத்துப் பழைய வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

சாமி, சாப்பாடு, பாட்டு

காமாட்சி விளக்கு யார் கொடுத்தது, இப்போது யாரிடம் போகிறது? ஆடிக் கஞ்சி அவர் எப்படி வைப்பார்? புரட்டாசியில் எத்தனை சனி? காவடி எடுத்தாரா, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு எதற்கு நேர்ந்துகொண்டார், அது நடந்ததா? கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தமிழ் வேதாகமம், குறித்து வைத்த வசனங்கள், பாடிய கீர்த்தனைகள். பெரிய வெள்ளிக்கு மீன் ஊறுகாய் வைப்பது இரண்டு வகைக் குடும்பத்திலும் இருந்திருக்கும்.

சமையல் குறிப்பை அவர் உயிரோடு இருந்தால் கூட நின்று எழுதுங்கள். அவர் கைப்பிடி என்பதை அப்படியே எழுதாமல், அவர் கையில் எடுத்ததை வாங்கி அளந்துவிட்டு வாணலியில் போடச் சொல்லுங்கள். தாலாட்டோ ஒப்பாரியோ தெரிந்த பெண்கள் இப்போது மிகக் குறைவு. தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் வேறு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைப் பதிவு செய்யுங்கள்.

எந்த மொழியில்

நம் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே முழுதும் தமிழில் எழுதினால் அலமாரியில் தூங்கும், முழுதும் ஆங்கிலத்தில் எழுதினால் அவருடைய குரல் போய்விடும். கதையை ஆங்கிலத்தில் எழுதினாலும் அவர் பேசியதைத் தமிழ் எழுத்தில் போட்டு, கீழே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் பொருளும் கொடுங்கள். பெயர்களுக்கும் அப்படியே: தாளில் உள்ளபடி ஒன்று, வாயில் வரும்படி தமிழில் ஒன்று. தமிழில் எழுதத் தெரியாவிட்டால் ஊரில் தமிழ் வகுப்பு எடுப்பவரிடமோ கோயிலில் திருமுறை ஓதுபவரிடமோ கேளுங்கள். மகிழ்ச்சியாகச் செய்து கொடுப்பார்கள்.

முடிப்பது

ஆண்டுத் திதியைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் முடியாதது பிறகு பெரும்பாலும் முடிவதில்லை. இருபது முப்பது பக்கம் தாராளம். எழுதியதை மூத்த உறவினர் இரண்டு பேருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தாளைக் கையில் கொடுத்தால் "நல்லா இருக்கு" என்று வைத்துவிடுவார்கள், காதில் விழுந்தால் "இல்லை இல்லை, அது டோங்காட்டில் இல்லை" என்று திருத்துவார்கள்.

புகைப்படத்துக்குப் பின்னால் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். ஸ்கேன் செய்த படங்களையும் ஒலிப்பதிவையும் ஒரே கைப்பேசியில் வைக்காமல் குறைந்தது மூன்று வீட்டில் பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஒரு பிரதியை டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தலைவர்களைப் பற்றிய தாள்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்த பெண்களைப் பற்றித்தான் குறைவு.

அச்சடிக்கும்போது கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விடுங்கள். புத்தகம் கைக்கு வந்த வாரத்திலேயே யாராவது ஒரு சின்னம்மா கூப்பிட்டு, கல்யாணத் தேதி தப்பு, அந்தப் படத்தில் மூன்றாவதாக நிற்பது தான்தான் என்பார். அவர் சொல்வதை அந்தப் பக்கத்தில் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் போட்டு, மற்ற பிரதிகள் இருக்கும் வீடுகளுக்கும் தெரியப்படுத்துங்கள்.